பந்தியில் ஆயிரம் பேர்... கட்டிலருகே யார்?

மொய் விருந்தால் கோடிகளைத் திரட்டும் புதுக்கோட்டைச் சீமை, ஆபரேஷனுக்குப் பிந்தைய நாள்களுக்கு ஆள்களையும் திரட்ட முடியும்!

ஆடி பிறந்தால் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்களில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் கதையே வேறு. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், குளமங்கலம், அணவயல், நெடுவாசல் என்று ஊருக்கு ஊர் பந்தல் எழும். முக்கு ரோடுகளில் பிளெக்ஸ் பலகைகள் நிற்கும். பலகையில் மாப்பிள்ளையும் இல்லை, பொண்ணும் இல்லை. வரிசையாகப் பத்துப் பதினைந்து பேரின் படங்கள் மட்டும். மேலே கொட்டை எழுத்தில் ‘மொய் விருந்து’.

பந்தலுக்குள் ஒரு பக்கம் பந்தி. ஆட்டுக்கறிக் குழம்பு மணக்க மணக்க இலை விழும்; சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சமையல். மறுபக்கம் வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் விருந்து வைப்பவர் ஒருவரின் பெயர் எழுதி ஒட்டியிருக்கும். எழுத ஒருவர், பணத்தை எண்ண ஒருவர், போட்டு வைக்கப் பாத்திரம் ஒன்று. சாப்பிட்டுக் கை கழுவி வருகிறவர் மேசை மேசையாக நின்று நகர்வார். “எந்த ஊரு?” என்று எழுதுபவர் தலை நிமிராமலே கேட்பார். ஊர், அப்பா பெயர், தன் பெயர், தொகை என்று வரிசை மாறாமல் சொல்ல இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அண்மைக் காலமாக மடிக்கணினியும் நோட்டு எண்ணும் இயந்திரமும் மேசைக்கு வந்துவிட்டன. எழுதுகிற ஒவ்வொரு வரியும் என்றோ ஒரு நாள் திருப்பிச் செய்தாக வேண்டிய கடன் என்ற நியதி மட்டும் அப்படியே இருக்கிறது.

தஞ்சாவூர் மாவட்டத்தின் பேராவூரணி வட்டாரமும் புதுக்கோட்டையின் கீரமங்கலம் வட்டாரமும் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது. முன்பு காதணி விழா, புதுமனை புகுவிழா என்று ஏதாவது ஒரு விசேஷத்தை வைத்து மொய் வாங்கினார்கள். காது குத்த வேண்டிய பிள்ளைக்குக் குத்தியாகிவிட்டது, வீடும் கட்டியாகிவிட்டது, ஆனால் பணமுடை தீரவில்லை என்றால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு ஊர் கண்டுபிடித்த விடைதான், விருந்தையே விசேஷமாக்குவது. தனி ஒருவரால் பந்திச் செலவைத் தாங்க முடியாது என்பதால் பலர் கூட்டாக நடத்துகிறார்கள். ஒருவர் ஒரு முறை நடத்தினால் அடுத்த முறைக்கு ஏறத்தாழ ஐந்தாண்டுகள் காத்திருக்கிறார். அதற்குள் தனக்கு வந்த மொய்யை அவரவர் விருந்துக்குப் போய், கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்து வருகிறார். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது. 2022-ல் பேராவூரணி சட்டமன்ற உறுப்பினர் நடத்திய விருந்தில் வசூல் 10 கோடி ரூபாய் அளவுக்கு இருந்ததாகச் செய்திகள் வந்தபோதுதான், வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

இந்தக் கட்டுரை அந்தக் கோடிகளைப் பற்றியது அல்ல. இலை போடுவதிலிருந்து இரவில் கணக்கு முடிப்பதுவரை, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கும் கூட்டாளிகளைப் பற்றியது. பணத்தை இவ்வளவு ஒழுங்காகத் திரட்டத் தெரிந்த நட்பு, ஆபரேஷன் முடிந்து ஒருவர் கட்டிலில் கிடக்கும்போது தேவைப்படும் நேரத்தையும் கைகளையும் அதே ஒழுங்கோடு திரட்ட வேண்டும். அதைக் கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கை நீட்டாமல் வாங்கும் உதவி

மொய்ப்பணம் எதற்குப் போகிறது என்று இந்த ஊர்களில் யாரைக் கேட்டாலும் பட்டியல் சொல்வார்கள். ஆழ்குழாய்க் கிணறு, மகள் கல்யாணம், மகன் படிப்பு, வீட்டுக்கு கான்கிரீட், வெளிநாடு போக ஏஜென்ட் செலவு, வட்டிக்கு வாங்கியதை அடைக்க. இவற்றுக்கு நடுவே ‘ஆஸ்பத்திரிச் செலவு’ என்பதும் வரும்.

நோய்க்காக ஒருவர் ஊரில் கை நீட்டினால் மனம் கூசுவார். “பாவம்” என்று நாலு பேர் சொல்வதைக் கேட்கப் பயந்தே வைத்தியத்தைத் தள்ளிப் போட்டவர்கள் எத்தனையோ பேர். மொய் அந்தக் கூச்சத்தை எடுத்துவிடுகிறது. நேற்று நான் உனக்குச் செய்தேன், இன்று நீ எனக்குச் செய்கிறாய், நாளை உன் பிள்ளை கல்யாணத்தில் நான் மறுபடி செய்வேன். கொடுப்பவர் உயரவும் இல்லை, வாங்குபவர் தாழவும் இல்லை. எழுதி வைத்துக் கொடுப்பது பாசமா, வியாபாரமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பது உண்டு. வாங்கியவரின் மானத்தைக் காப்பாற்றுகிற கணக்கு பாசத்தின் வேலையைத்தான் செய்கிறது என்பது என் திடமான எண்ணம்.

ஆனால் இந்தக் கணக்குக்கும் ஒரு கனம் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பகுதிகளில் தென்னந்தோப்புகள் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. பலாவும் வாழையும் தப்பவில்லை. புதிதாக வைத்த தென்னங்கன்று பலன் கொடுக்க ஐந்தாண்டுக்குக் குறையாது. மொய்யின் சுற்றும் ஐந்தாண்டு. தோப்பை நம்பி மொய் வாங்கியவர், தோப்பு இல்லாத காலத்தில் திருப்பிச் செய்ய வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு விருந்துகள் களையிழந்தன. 2020-ல் கொரோனா ஊரடங்கு, கூட்டம் கூடுவதையே நிறுத்தியது. வருமானம் நின்ற வீட்டில், வரிசையாக வந்து விழும் மொய்ப் பத்திரிகைகள் எத்தனை பேரின் தூக்கத்தைக் கெடுக்கும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். நோட்டில் இருப்பதைக் கேட்காமல் “பிறகு பாத்துக்கலாம் மாப்ளே” என்று சொல்ல மனசு வருகிற இடத்தில்தான் நட்பு கணக்கைத் தாண்டி நிற்கிறது.

காப்பீட்டு அட்டை எதுவரை வரும்?

ஆஸ்பத்திரிச் செலவுக்கு இன்று வேறு வழிகளும் இருக்கின்றன. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறி, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட காப்பீட்டில், ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். 2017-ல் புதுக்கோட்டைக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதற்கு முன் எலும்பு முறிவு என்றாலும், இதயம் என்றாலும் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ மதுரைக்கோ தூக்கிக்கொண்டு ஓடியதை இந்த மாவட்டம் மறக்காது.

அட்டை, ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவரின் சாப்பாட்டுக்கு அது வராது. பஸ் காசுக்கு வராது. வேலைக்குப் போகாத நாள்களின் கூலிக்கு வராது. நோயாளியின் வயதான தாயாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்காது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டாது.

கீரமங்கலம் வட்டாரத்துப் பூந்தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மல்லிகையும் முல்லையும் விடியலுக்கு முன்பே பறித்தாக வேண்டியவை. தலையில் டார்ச் லைட்டைக் கட்டிக்கொண்டு, பனியில் நனைந்தபடி, மொட்டு மொட்டாகக் கிள்ளிப் போட்டு, பூ மார்க்கெட்டுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். இன்று பறிக்காத மொட்டு நாளை மலர்ந்துவிடும். மலர்ந்த பூவுக்கு விலை கிடையாது. வீட்டுக்காரர் ஆபரேஷன் தியேட்டரில், வீட்டுக்காரம்மா வெளியே பெஞ்சில் என்றால், அந்த விடியலில் தோட்டத்துக்குள் யார் இறங்குவது? பக்கத்துத் தோட்டக்காரர்கள் தங்கள் பூவைப் பறித்து முடித்துவிட்டு இங்கே வந்து நான்கு வரிசை பறித்துப் போட்டால், அந்த உதவி எந்த நோட்டிலும் ஏறாது. அந்தக் குடும்பம் அந்த வாரம் கடன் வாங்காமல் தப்பித்தது அதனால்தான். தென்னைக்கும் இதே கதை. மும்முனை மின்சாரம் வருகிற நேரத்தில் மோட்டாரைப் போட்டு மடை திருப்ப ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் கூட்டாளி என்கிறோம்.

ஆபரேஷன் சில மணி நேரம், தேறுவது பல வாரம்

ஊரில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றால் அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வேன் வந்து நிற்கும். ஹார்லிக்ஸ் பாட்டில், ஆப்பிள், சாத்துக்குடி, பன் என்று கட்டிலுக்கடியில் பைகள் சேரும். “எங்க சித்தப்பாவுக்கும் இப்படித்தான்...” என்று ஒருவர் தொடங்குவார். நாலாவது நாள் வார்டில் கூட்டம் குறையும். பத்தாவது நாள் வீட்டுக்கு வந்த பிறகு வருவார் போவார் இருக்க மாட்டார்கள். நோயாளிக்கு உண்மையில் ஆள் தேவைப்படுவது அந்தப் பத்தாவது நாளுக்குப் பிறகுதான்.

பைபாஸ் ஆபரேஷனில் நடு நெஞ்செலும்பைப் பிளந்து, பிறகு கம்பியால் இணைத்துத் தைக்கிறார்கள். அந்த எலும்பு ஒன்றுசேர ஆறு முதல் எட்டு வாரமாவது பிடிக்கும். சிலருக்கு இன்னும் கூடுதலாகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, கையை ஊன்றி எழக்கூடக் கூடாது. மூட்டு மாற்று சிகிச்சை செய்தவரை அடுத்த நாளே நடக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் வாரக்கணக்கில் வலியோடு பயிற்சி செய்தாக வேண்டும். வயிற்றைத் திறந்து கர்ப்பப்பை எடுத்த பெண், ஆறு வாரத்துக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது.

இந்த வாரங்களில் மனமும் சோர்ந்துபோகும். நேற்றுவரை மரம் ஏறியவர், ஒரு சொம்புத் தண்ணீருக்கு அடுத்தவர் முகத்தைப் பார்க்க வேண்டும். காரணம் இல்லாமல் கோபம் வரும், அழுகை வரும். பெரிய இதய ஆபரேஷனுக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கு வருவது மருத்துவ உலகம் நன்றாக அறிந்த விஷயம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு கூட்டாளி வந்து, “வா பங்காளி, முக்கு வரைக்கும் நடந்துட்டு வருவோம்” என்று தோளைத் தொட்டால், அது நடைப்பயிற்சியும் ஆகிறது, மருந்தும் ஆகிறது. தினமும் அதே நேரத்துக்கு வருகிறவர் ஒருவர் இருந்தால் போதும். ஒரே நாளில் வந்துபோகும் முப்பது பேரைவிட அவர் பெரியவர்.

நண்பருக்கு ஆபரேஷனா? நீங்கள் செய்ய வேண்டியவை

• ‘எதுவும் வேணும்னா சொல்லு’ என்று விட்டுவிடாதீர்கள். அவர் சொல்ல மாட்டார். ‘செவ்வாய், வியாழன் ராத்திரி நான் படுத்துக்கறேன்’ என்று நாளைக் குறித்துச் சொல்லுங்கள்.

• டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைச் சீட்டு, காப்பீட்டு ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, செல்போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

• காய்ச்சல், தையல் போட்ட இடத்தில் சிவப்பு அல்லது சீழ், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி... இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

• ‘கறி, முட்டை சாப்பிட்டால் புண் சீழ் பிடிக்கும்’ என்று பத்தியம் சொல்லிப் பட்டினி போடாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொன்னதை மட்டும் தவிர்த்தால் போதும்.

• வார்டில் ஒரு நேரத்தில் ஒருவர் போதும். சளி, காய்ச்சல் உள்ளவர் போகவே கூடாது. பயமுறுத்தும் கதைகளை வாசலிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

• நோயாளியைப் பார்த்துக்கொள்பவரையும் கவனியுங்கள். அவரை ஒரு ராத்திரி வீட்டுக்கு அனுப்பித் தூங்க வையுங்கள்.

பிள்ளை சிங்கப்பூரில், கூட்டாளி ஊரில்

புதுக்கோட்டையின் பல கிராமங்களில், நடுவயது ஆண்கள் ஊரில் இருப்பதைவிட சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளில் இருப்பது அதிகம் என்று தோன்றும். அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று இரவு ஒரு மணிக்கு மகனுக்கு போன் போகும். மகன் உடனே போன் போடுவது ஊரில் இருக்கும் கூட்டாளிக்குத்தான். வண்டி பிடிப்பது, அட்மிஷன் போடுவது, டாக்டர் சொல்வதைக் கேட்டு அங்கே சொல்வது, வீடியோ காலில் அப்பா முகத்தைக் காட்டுவது எல்லாம் அந்தக் கூட்டாளியின் வேலை. மாரடைப்புக்கு நேரம் மிக முக்கியம். அடைப்பை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறார்களோ, அவ்வளவு இதயத் தசை பிழைக்கும். மகன் விமானம் ஏறும்வரை நோய் காத்திருக்காது. எத்தனையோ தகப்பன்மார் இன்று உயிரோடு இருப்பது, மகனோடு பத்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இன்னொருவரால்தான்.

பிறகு அந்த மகன் ஊருக்கு வரும்போது, கூட்டாளி வீட்டுக் காதணி விழாவில் தாய்மாமன்களுக்கு அடுத்தபடியாகப் பெரிய மொய் அவனுடையதாக இருக்கும். கூட்டம் அந்தத் தொகையைப் பார்க்கும். அது எந்த இரவுக்காக எழுதப்பட்டது என்பது அந்த இருவருக்குத் தெரியும்.

நோட்டில் இல்லாத பெண்கள்

மொய் நோட்டைப் புரட்டினால் பெரும்பாலும் ஆண்களின் பெயர்கள். ஆஸ்பத்திரி வார்டில் நடந்து பார்த்தால், கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மனைவி, தாய், மகள், மருமகள். கணவனுக்கு ஆபரேஷன் என்றால் மனைவி பார்த்துக்கொள்வாள். மனைவிக்கே ஆபரேஷன் என்றால்?

அப்போது வருகிறவர்கள் அவளுடைய கூட்டாளிகள். நூறு நாள் வேலையில் பக்கத்தில் நின்று மண் அள்ளியவள், சுய உதவிக் குழுவில் கூட இருப்பவள், பூப்பறிக்க ஒன்றாகப் போனவள். “நீ எந்திரிக்காதடி, நான் தூக்கியாறேன்” என்று குடத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறவள் அவள்தான். வீட்டில் ஆண்கள் இருந்தும் ஆபரேஷன் ஆன பெண் மூன்றாம் வாரமே அடுப்படியில் நிற்பது நம் ஊர்களில் நடக்கும் கொடுமை. ஆறு வாரம் என்று டாக்டர் எழுதினால், அந்த ஆறு வாரமும் அந்த வீட்டுக்குள் அவளுக்காக வாதாட ஒரு தோழி வேண்டும்.

பெண்ணுக்கும் வைத்தியத்துக்கும் இருக்கும் உறவில் இந்த ஊருக்குத் தனிப் பெருமை உண்டு. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் ஆண்களுக்கு நடுவே படித்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-ல் பட்டம் பெற்றவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மனசுக்குள் வைத்திருந்து, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுப்பியவர். சொந்தத் துயரத்தைப் பிறத்தியாருக்கான ஏற்பாடாக மாற்றியவர் பிறந்த ஊர் இது.

கபிலர் நடந்த வழி

நண்பனின் குடும்பத்து நல்லது கெட்டதை ஏற்றுக்கொள்வது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பொன்னமராவதிக்கு அப்பால், சிவகங்கை மாவட்டத்தில் நிற்கும் பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு மலை என்கிறார்கள். மூவேந்தரும் முற்றுகையிட்டுப் பாரி மாண்டபின், அவனுடைய இரண்டு பெண்களையும் கரைசேர்க்கும் பொறுப்பை ஏற்றவர் நண்பர் கபிலர். அரசர்களின் வாசலில் போய் நின்று, இவர்கள் பாரியின் மக்கள், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டதைப் புறநானூறு சொல்கிறது. விச்சிக்கோன் மறுத்தான். இருங்கோவேளும் மறுத்தான். அந்த இருங்கோவேளின் மரபைத்தான், புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரில் பின்னாளில் கோயில் எடுத்த இருக்குவேளிரோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பேசுகிறார்கள். பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்தார் என்று திருக்கோவலூர்க் கோயிலின் சோழர்காலக் கல்வெட்டு சொல்கிறது.

கபிலர் பெரும் புலவர். தமக்காக எந்த அரசனிடமும் தலை குனியத் தேவையில்லாதவர். நண்பனின் பெண்களுக்காகத் தம் மானத்தையும் பொருட்படுத்தாமல் வாசல் வாசலாக நின்றார். தகப்பனை இழந்த பெண்ணின் கல்யாணத்தில், அப்பாவின் கூட்டாளிகள் தாங்களே முன்னின்று பந்தல் போட்டு, பாத்திரம் எடுத்து, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி முடிக்கும் காட்சியை இன்றும் இந்த மாவட்டத்தில் பார்க்கலாம். அவர்கள் கபிலரின் வழியில் வந்தவர்கள்.

சட்டமும் ஒப்புக்கொண்ட அன்பு

நட்பு என்ற உறவுக்கு அரசாங்கப் படிவங்களில் இடம் குறைவு. அப்பா, அம்மா, கணவர், மனைவி என்ற கட்டங்களுக்குள் ‘கூட்டாளி’ என்று எழுத முடிவதில்லை. ஆனால் ஓர் இடத்தில் இந்தியச் சட்டம் நட்பைக் கண்டுகொண்டது. 1994-ல் வந்த உடல் உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய ரத்த உறவினர்களையும் வாழ்க்கைத் துணையையும் முதல் வரிசையில் வைத்தது. 2011 திருத்தம் தாத்தா பாட்டியையும் பேரன் பேத்தியையும் அதில் சேர்த்தது. உறவினர் அல்லாத ஒருவர் அன்பின் காரணமாகச் சிறுநீரகம் தர விரும்பினால், அங்கீகாரக் குழு விசாரித்து, பணமோ வற்புறுத்தலோ இல்லை என்று உறுதி செய்து அனுமதி கொடுக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஏழைகளின் சிறுநீரகத்தை விலை பேசும் கொடுமையைத் தடுக்கவே அந்தக் கடுமையான விசாரணை. உண்மையான அன்புக்கு அதற்கு நடுவிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது.

ரத்த தானத்துக்கு இந்தக் கதவெல்லாம் தேவையில்லை. 18 முதல் 65 வயதுவரை, 45 கிலோவுக்குக் குறையாத எடையோடு ஆரோக்கியமாக இருக்கும் எவரும் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஊருக்கு ஊர் இளைஞர் மன்றத்து வாட்ஸ்அப்பில் ‘ஓ நெகட்டிவ் அவசரம்’ என்று ஒரு செய்தி விழுந்ததும், முகம் தெரியாதவருக்காக பைக்கை எடுக்கும் பையன்களை நினைத்து நாம் பெருமைப்பட வேண்டும்.

இதே மாவட்டத்தில்தான் 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. அதை மறைத்துவிட்டு நட்பின் பெருமையைப் பேச என்னால் முடியாது. பந்தியிலும் மொய்யிலும் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்பதற்கு இன்னும் ஊருக்குள் கோடுகள் இருக்கின்றன. ஏற்றப்படும் ரத்தப் பையில் குரூப் எழுதியிருக்கிறது, சாதி எழுதியில்லை. நான் கேட்கும் ஏற்பாடு அந்தக் கோடுகளைத் தாண்டியதாக இருந்தால்தான் அதற்கு அர்த்தம் உண்டு.

கோழிக்கோடு செய்தது, புதுக்கோட்டையால் முடியாதா?

1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து, தீராத நோயாளிகளின் வலி தணிக்க ஒரு சிறு அமைப்பைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் அது மலப்புரம் உள்ளிட்ட மாவட்டங்களில் அக்கம்பக்கத்தார் நடத்தும் வலையமைப்பாக வளர்ந்தது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியுமா என்பதுதான் அங்கே கேட்ட கேள்வி. ஆட்டோ ஓட்டுநர், ஆசிரியர், கல்லூரி மாணவர், குடும்பத் தலைவி என்று ஆயிரக்கணக்கானோர் முன்வந்தார்கள். புண் துடைக்கவும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைக்கவும், பக்கத்தில் உட்கார்ந்து பேசவும் பயிற்சி பெற்றார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது அது.

புதுக்கோட்டைக்கும் ஆள் திரட்டிய அனுபவம் உண்டு. 1991-ல் அறிவொளி இயக்கம் இங்கே தொடங்கியபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலாராணி சுங்கத்தின் ஊக்கத்தில், எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள் பெண்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஒருத்தி பின்னால் பிடித்துக்கொண்டு ஓட, இன்னொருத்தி மிதிக்க, அப்படித்தான் அது பரவியது. சம்பளத்துக்கு வந்தவர்களைக் கொண்டு அதைச் செய்திருக்கவே முடியாது. தோழிக்குத் தோழி கற்றுக்கொடுத்தாள்.

அந்த அனுபவமும் மொய்யின் ஒழுங்கும் இந்த மாவட்டத்தில் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு மொய் விருந்தில் நூற்றுக்கணக்கான பேரின் ஊர், பெயர், தொடர்பு எல்லாம் ஒரே நாளில் ஒரு நோட்டில் சேர்ந்துவிடுகின்றன. அரசாங்கம் முகாம் போட்டாலும் இவ்வளவு பேரை இவ்வளவு நம்பிக்கையோடு திரட்டுவது கடினம். அந்தப் பந்தலில் இன்னொரு மேசை போடுங்கள். அதில் இன்னொரு நோட்டு. பெயர், ஊர், ரத்த குரூப். மாதத்தில் ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க முடியுமா? வண்டி ஓட்டத் தெரியுமா? விடியலில் பூப்பறிக்க, மோட்டார் போட, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முடியுமா? பெண்களும் தங்கள் பெயரிலேயே எழுதட்டும். ஊரில் யாருக்காவது ஆபரேஷன் தேதி குறித்ததும், அந்த நோட்டைப் பார்த்து ஆறு வாரத்துக்கு முறை வைத்து ஆள் அனுப்பட்டும். மாவட்டத்தின் மருத்துவக் கல்லூரி மனசு வைத்தால், புண் பார்ப்பதற்கும் நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பதற்கும் ஒரு நாள் பயிற்சி கொடுத்துவிடலாம்.

இந்த நோட்டில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டிய கட்டாயம் வேண்டாம். முடியாதவருக்கு முடிந்தவர் செய்யட்டும். பணம் இல்லாதவர்களாலும் கொடுக்க முடிகிற மொய் அது. நிலம் இல்லாத கூலிக்காரரும், கஜாவில் தோப்பை இழந்தவரும் அதில் தலை நிமிர்ந்து பெயர் எழுதலாம். வருகிற ஆடியில் எந்த ஊராவது முதல் மேசையைப் போடட்டும். வாங்கிய மொய்யை மறக்காத ஊர்கள் இவை. ஒப்புக்கொண்ட ராத்திரியையும் மறக்க மாட்டா.